பதின்மூன்றாவது திருத்தம்

இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஓர் எழுத்து கூட்டவில்லை, ஓர் எழுத்து குறைக்கவில்லை. எங்காவது நம்ப முடியாமல் இருந்தால் அது நடந்த விஷயத்தின் குற்றம். சொன்ன வாயின் குற்றமல்ல.

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் அந்தப் பயிற்சிக்கூடம் இருந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை கற்றுத்தரும் இடம். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தெருமுனையில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஏழு மாதப் பயிற்சி, கடைசியில் அரசாங்கப் பரீட்சை, தேறினால் உரிமம். உரிமம் கையில் இருந்தால் மறு மாதமே சம்பளம். உரிமம் இல்லையென்றால், நாலு மாதம் படித்தவனானாலும் ஆறரை மாதம் படித்தவனானாலும், லிஃப்டுக்கு வெளியே நின்று பொத்தானை அமுக்கலாம். அதற்குமேல் அதில் கை வைக்கச் சட்டம் விடாது. இந்தப் பயிற்சிக்கு ஆகிற செலவை மூன்று வருடமாக ஓர் அறக்கட்டளை கொடுத்துவந்தது.

கூடத்தை நடத்தியவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த கட்டட முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். வாடகை கேட்க வரும்போது மட்டும் மேடம் என்பார். பயிற்சி கொடுத்தவர் முப்பது வருடம் லிஃப்ட் வேலை பார்த்த பெரிய உருவம். கூண்டு மேலே ஏறும்போது அதற்கு ஈடாகக் கீழே இறங்குகிற இரும்புப் பாளங்களுக்கு எடைக்கல் என்று பெயர். பிள்ளைகள் அந்தப் பெயரையே அவருக்கும் வைத்துவிட்டார்கள். அவர் மாடி ஏறினால் கட்டடத்தில் யாராவது இரண்டு பேர் கீழே இறங்கியாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நாலு அணி படித்து முடித்துப் போய்விட்டது. ஐந்தாவது அணியில் இருபத்திரண்டு பேர். ஒன்பது பெண்கள், பதின்மூன்று பையன்கள். அவர்களுக்கு நாலு மாதம் முடிந்திருந்த சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது.

'மூன்றாண்டு நிறைவுக்கு வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தது கடிதம். இந்த மாதக் கடைசியோடு நிதி நிற்கும் என்றது. அதற்கு முன்னால், நிதி நின்ற பிறகும் இந்தப் பயிற்சி நீண்ட காலத்துக்கு எப்படித் தொய்வில்லாமல் நடக்கும் என்பதை விளக்கும் நிலைத்தன்மைத் திட்டம் ஒன்றை அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தது.

அக்கா இரண்டு தடவை படித்தாள். எடைக்கல்லிடம் நீட்டினாள்.

“அண்ணே, சோத்தை நிறுத்திடறேன், பிள்ளை எப்படிக் கொழுகொழுன்னு வளரும்னு நீயே எழுதிக் குடுங்கறான்.”

“எழுதிக் குடுத்தா?”

“எழுதின பேப்பரை அவன் பத்திரமா வெச்சுக்குவான்.”

மறுநாளே அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இந்த விஷயத்தைக் கவனிக்கும் திட்ட அதிகாரி, மீசை இன்னும் முடிவெடுக்காத வயசு. தங்கமான பையன், ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டான். நிலைத்தன்மை என்ற சொல் இல்லாமல் அவனால் மூச்சு விட முடியாது என்பதால் கூடத்துப் பிள்ளைகள் அவனை நிலைத்தன்மை சார் என்பார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

“திட்டம் எங்க பணத்தை நம்பி இருக்கக் கூடாது மேடம். அதுதான் முக்கியம்.”

“சரி தம்பி. அரசாங்கத்தைக் கேக்கட்டா?”

“அது சார்ந்திருக்கற மனப்பான்மை மேடம்.”

“பசங்ககிட்ட ஃபீஸ் வாங்கட்டா?”

“ஐயோ, கஷ்டப்படற பிள்ளைங்க மேடம்!” அவன் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது.

“அப்ப பசங்கள வெச்சு நாலு கட்டடத்துல லிஃப்ட் சர்வீஸ் பண்ணிச் சம்பாதிக்கறோம்.”

“அது வியாபாரம். நம்ம விதிப்படி லாப நோக்கு கூடாது.”

“பின்ன பணம் எங்கேருந்துப்பா வரும்? கூரையைப் பிச்சுக்கிட்டா?”

“அதைத்தானே மேடம் நீங்க திட்டத்துல விளக்கணும்.”

அக்கா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும். அது நல்லதற்கில்லை என்று அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும், இந்தப் பையனுக்குத் தெரியாது.

“இதோ பாரு தம்பி. நாலு மாசம் ஆச்சு. இன்னும் மூணே மாசம். இந்த இருபத்திரண்டு பேரும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கட்டும். அன்னைக்கு நானே பூட்டிச் சாவிய உன் கையில தரேன். அரைகுறையா அனுப்பினா அதுங்க நாலு மாசமும் வீண்.”

“மூணு மாசத்துக்கு நிதி இல்ல மேடம்.” உடனே அவன் முகம் மலர்ந்தது. “ஆனா நிலைத்தன்மைப் பயிலரங்குக்குத் தனியா நிதி இருக்கு. நாலு நாள். கடலைப் பாத்த மாதிரி ஹோட்டல். பை, பேனா, தொப்பி எல்லாம் குடுப்பாங்க. நீங்க அவசியம் வரணும்.”

“அந்த நாலு நாளைக்கு எவ்வளவு ஆகும்?”

சொன்னான். கூடத்தின் மூன்று மாதச் செலவை விட ஒரு தொப்பியின் விலைதான் அதில் கூடுதலாக இருந்தது.

“அதை இங்க குடுத்துடேன். தொப்பிய நீயே வெச்சுக்கோ.”

“அது வேற கணக்குத் தலைப்பு மேடம்,” என்றான் அவன். குழந்தைக்குச் சொல்வதுபோல் அத்தனை மென்மையாக.

வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து திட்டத்தை எழுதினாள். ஒரே பக்கம். 'பணம் தந்தால் பயிற்சி நடக்கும். பணம் நின்றால் பயிற்சி நிற்கும். வேலையில்லாத பிள்ளைகள் அப்போதும் இருப்பார்கள். அவர்களுடைய நிலைத்தன்மையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இப்படிக்கு.' அடுத்து வந்த திங்கட்கிழமை அனுப்பிவிட்டாள். மூடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை வரை இடைவழியில் நடந்துகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை திட்டம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு முத்திரை: திருத்தம் தேவை. காரணம், நம்பிக்கையூட்டும் தொனி போதாது. அதோடு இணைத்திருந்த தாளில், பொடி எழுத்தில், பதினான்காவது விதி: நிலைத்தன்மைத் திட்டம் திருத்தத்தில் இருக்கும்வரை பயிற்சியை மூடலாகாது, வழக்கமான நிதி தொடரும்.

அக்கா அந்த விதியை நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை படித்தாள். பிறகு எடைக்கல்லைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டாள்.

“அதாவது, திட்டம் நல்லா இருந்தா மூடிடுவான்,” என்றார் எடைக்கல் மெதுவாக. “நல்லா இல்லன்னா நடத்துவான்.”

“ரொம்ப மோசமா இருந்தா?”

அதற்கும் விதி இருந்தது, பதினைந்தாவது. திருத்த முடியாத அளவுக்கு மோசமான திட்டம் நிராகரிக்கப்படும். நிராகரித்த அன்றே மூடப்படும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். தாமதம் என்ற கலையில் இருபத்தாறு வருட அனுபவம்.

“ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா எவனும் கவனிக்க மாட்டான்,” என்றார் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. “ஒரு மணி நேரம் லேட்டுன்னா வண்டியவே ரத்து பண்ணிடுவான். பதினோரு நிமிஷம்தான் அளவு. பதினோரு நிமிஷம் லேட்டான வண்டிக்கு மெமோ மட்டும் வரும், வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்.”

“நேர்மையா ஒரு பக்கம் எழுதினேங்க. அதை மதிக்கலையே.”

“நேர்மைக்கு மெமோ கூட வராதும்மா. நீ பதினோரு நிமிஷத்துக்கு எழுது.”

இப்படித்தான் பிழைப்புக்காகப் பொய் சொல்லாத ஒருத்தி, இருபத்திரண்டு பேரின் பிழைப்புக்காக, வாரம் ஒரு தடவை அளவாகத் தப்பு செய்யக் கற்றுக்கொண்டாள். திங்கட்கிழமை அனுப்புவாள். வெள்ளிக்கிழமை சிவப்பு முத்திரையோடு வரும். நடுவில் ஒரு வாரம் பயிற்சி நடக்கும்.

இரண்டாவது தடவை ஐந்து வருடத்துக்கு எழுதினாள். நீண்ட காலம் என்றால் பத்து வருடம் என்று திருப்பினார்கள். பத்து வருடத்துக்கு எழுதினாள். அம்புக்குறி போட்ட படம் இல்லை என்றார்கள். படம் போட்டாள், அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றவில்லை, கீழ்நோக்கிப் போகின்றன, அது மனச்சோர்வு தருகிறது என்றார்கள். வட்டமாகச் சுற்றினாள். ஐம்பது வருடம் கழித்து மனிதர்கள் மாடி ஏறுவதையே விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு எழுபது பக்கம் எழுதினாள்: தரைக்குக் கீழே வீடு கட்டிக்கொள்வார்கள், அதற்கும் லிஃப்ட் வேண்டும். இதைப் படித்த ஆலோசகர் ஒருவர் 'அருமை, ஆனால் ஈரப்பதம்?' என்று ஓரத்தில் எழுதியனுப்பினார். ஈரப்பதத்துக்கு நாற்பத்தைந்து பக்கம் ஆனது.

எட்டாவது திருத்தத்தில் திட்டம் அறுநூறு பக்கம். கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டாவது இயந்திரம் வாங்கினார். பத்தாவதில் மூன்றாவது வாங்கி, மச்சானையும் வேலைக்கு வைத்துக்கொண்டார். நிலைத்தன்மைத் திட்டத்தால் நிலையான வருமானம் பெற்ற ஒரே மனிதர் அவர்தான். அவர் எந்தப் படிவமும் நிரப்பவில்லை.

மேலே ஐந்தாவது மாடியில் இருபத்திரண்டு பேரும் கயிற்றில் நூல் பிய்ந்திருப்பதை விரலால் தடவிக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். கதவுப் பூட்டின் தொடுமுனையில் ஒரு துரும்பு நுழைந்தாலும் லிஃப்ட் ஏன் அந்த இடத்திலேயே நிற்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்குக் கேள்விக்குறி என்று பெயர். கேள்வி கேட்காமல் அவள் ஒரு திருகாணியைக்கூடத் திருக மாட்டாள்.

“அக்கா, நம்ம பரீட்சை பதின்மூணாவது வாரம்தானே?”

“ஆமாம்.”

“இப்போ பன்னண்டு. இன்னும் ஒரு திருத்தம் போதும்ல?”

“போதும்.”

“அவங்க திருத்தாம விட்டுட்டா?”

“வாயைக் கழுவு,” என்றாள் அக்கா.

பன்னிரண்டாவது தடவை அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம் ஆகியிருந்தது. தப்பு செய்யப் புதிதாக எதுவும் மிச்சமில்லை. கடைசியில் ஒன்று தோன்றியது. 'எதிர்காலச் செலவை ஏற்போர் யார்?' என்ற தலைப்பைப் போட்டு, கீழே முழுப் பக்கத்தையும் வெள்ளையாக விட்டுவிட்டாள். இதைத் திருப்பாமல் விடுவதற்கு அவர்கள் என்ன கண் தெரியாதவர்களா?

வெள்ளிக்கிழமை முத்திரை வரவில்லை. தொலைபேசி வந்தது.

“மேடம்! வாழ்த்துகள்!” நிலைத்தன்மை சார் ஆனந்தத்தில் திக்கினான். “அந்த வெற்றுப் பக்கம்! குழுவே எழுந்து நின்னு கைதட்டிச்சு மேடம். யாரோட பணத்தையும் சாராத ஒரே திட்டம் இதுதானாம். இந்த வருஷத்துச் சிறந்த நிலைத்தன்மைத் திட்டம் விருது உங்களுக்குத்தான். திங்கட்கிழமை நம்ம அறக்கட்டளைத் தலைவரே நேர்ல வராரு. காலையில எட்டு மணியிலேருந்து ஒப்புதல் அமலுக்கு வருது.”

“எட்டு மணிக்கு அமலுக்கு வந்தா?”

“பயிற்சி நிறைவு மேடம். காப்பீடு, சம்பளம், பரீட்சை அனுமதி எல்லாம் நிறைவு.”

“பரீட்சை அடுத்த வெள்ளிக்கிழமைப்பா! ஒரே ஒரு வாரம். அந்தப் பக்கத்துல ஒண்ணுமே எழுதலடா! அது வெறும் தாள்டா!”

“அந்தத் தன்னடக்கம் மேடம்,” என்றான் அவன். “அதைத்தான் தலைவர் ரொம்பப் பாராட்டினாரு.”

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த திட்டத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் தலைவர் வந்தார். ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் அது இருப்பதுபோலப் பேசுகிறவர். கூடவே நிலைத்தன்மை சார், இரண்டு ஆலோசகர்கள், ஒரு புகைப்படக்காரர். ஆளுக்கொரு பிரதியாகத் திட்டம் ஐந்து கட்டு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் லிஃப்டில் ஏற்றினார்கள். பாரம் கூடுதல் என்று மணி அடித்தது.

“சார், கட்டை அடுத்த நடைக்கு வெச்சுக்கலாம்,” என்றார் கீழே நின்ற எடைக்கல்.

“திட்டமும் நாங்களும் வேற வேற இல்ல,” என்றார் தலைவர். லிஃப்ட் இயக்குபவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். மணி நின்றது.

மூன்றாவது மாடி தாண்டியது. நாலாவது வரவில்லை. அடுக்கி வைத்திருந்த கட்டுகள் சரிந்து கதவின்மேல் விழுந்தன. கதவு ஒரு விரல் விலகியது. விலகினால் லிஃப்ட் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு. மூடலாமென்று பார்த்தால் ஈரப்பதம் பற்றிய நாற்பத்தைந்து பக்கமும் கதவின் தடத்தில் போய்ச் செருகிக்கொண்டன. நாலாவது மாடித் தரையோடு ஒட்டிய இரண்டு விரல் இடுக்கில் குனிந்து பார்த்தால் தலைவரின் வழுக்கை தெரிந்தது.

ஐந்தாவது மாடியிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள்.

“யாராவது எங்களை வெளிய எடுங்க!” என்றது வழுக்கை.

மொட்டைமாடி மெஷின் ரூமில் பிரேக்கைத் தளர்த்திக் கைச் சக்கரத்தைச் சுற்றினால் ஐந்து நிமிட வேலை. எல்லோரும் எடைக்கல்லைப் பார்த்தார்கள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“எனக்குக் காலையில எட்டு மணியோட வேலை போயிடுச்சு சார். காப்பீடும் போயிடுச்சு. சக்கரத்தைத் தொட்டா உங்க விதிப்படியே குத்தம்.”

“பிள்ளைங்க தெரிஞ்சவங்கதானே!”

“உரிமம் இல்லாதவங்க தொட்டா ஜெயில் சார். உரிமத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை பரீட்சை எழுத இருந்தாங்க. அதையும் நீங்க நிறைவு பண்ணிட்டீங்க.”

அக்கா அரசாங்க லிஃப்ட் ஆய்வு அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். அரை மணியில் ஆய்வாளர் வந்தார். ஒல்லி மனிதர், கையில் இரும்பு அளவுகோல். பரீட்சை நடத்துபவரும் அவரேதான். இடுக்கை அளந்தார். வழுக்கையின் தூரத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்.

“நான் ஆய்வு மட்டும்தான் பண்ணலாம், கை வைக்கக் கூடாது,” என்றார். “பக்கத்தூர் கம்பெனி ஆள் வர வியாழக்கிழமை ஆகும்.”

உள்ளேயிருந்து ஒரு ஆலோசகர் விசும்புகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அக்கா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இடுக்கருகே வாயை வைத்தாள். குரல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

“தலைவரய்யா, சௌகரியமா இருக்கீங்களா? பன்னண்டு வாரமா நான் இப்படித்தான் இருந்தேன். மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மூணு மாசம் குடுங்கன்னேன், இல்லைன்னீங்க. தொப்பிக்கு இருந்துச்சு. ஏழு மாசம் ராப்பகலாப் படிச்சதுங்கள நடுவழியில விட்டுட்டு, அதுக்குப் பேரு நிறைவுன்னீங்க. ஒரு வெள்ளைத் தாளைப் பாத்துக் கைதட்டினீங்களே, அந்தத் தாள்ல என்னய்யா இருந்துச்சு? ஒண்ணும் இல்ல! நீங்க இந்தப் பசங்களுக்குக் குடுக்கறதுதான் அதுல இருந்துச்சு!”



“மேடம்,” என்றான் உள்ளேயிருந்து நிலைத்தன்மை சார். “இப்ப என்ன பண்ணணும்?”

“அந்தத் திட்டத்து முதல் பக்கத்துல 'திருத்தம் தேவை'ன்னு எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டு வெளிய தள்ளு. பதினாலாவது விதிப்படி பயிற்சிக்கு மறுபடி உயிர் வந்துடும்.”

“என்ன காரணம் எழுத?” என்றது தலைவரின் குரல்.

“வெற்றுப் பக்கம்னு எழுதுங்க. மூணு வருஷத்துல உங்க ஆபீஸ்லேருந்து வந்த ஒரே நிஜம் அதுவா இருக்கட்டும்.”

பேனா கீறுகிற சத்தம் கேட்டது. தாள் இடுக்கு வழியாக வெளியே வந்தது. எடைக்கல் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “உசுரு வந்துடுச்சு. நான் போய்ச் சுத்தறேன்.”

ஆய்வாளர் அளவுகோலைக் குறுக்கே நீட்டினார்.

“நில்லுங்க. பயிற்சி நடப்புல இருக்குன்னா பரீட்சையும் வைக்கலாம். பத்தொன்பது வருஷமா மணல் மூட்டையை வெச்சுப் பரீட்சை நடத்தறேன். நிஜ ஆளுங்க மாட்டின லிஃப்ட் இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு. இதை விட மாட்டேன். பரீட்சை நடக்கறப்ப பயிற்சியாளர் மெஷின் ரூம் வாசல்ல கூட நிக்கக் கூடாது.”

“யோவ்!” என்றது வழுக்கை.

“பரீட்சைக்கூடத்துல சத்தம் கூடாது,” என்றார் ஆய்வாளர்.

கேள்வி ஒன்று: கூண்டை அரை மாடி உயரம் கையால் நகர்த்துக. ஒற்றைப்படை எண்காரர் மேலே. இரட்டைப்படை எண்காரர் கீழே. ஒவ்வொருவரும் தொடங்குமுன் கூண்டின் தொலைபேசியில் உள்ளிருப்போரிடம், பதற்றப்படாதீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள், மூச்சுவிட முடிகிறதா, என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஐந்து மதிப்பெண் குறையும்.

முதல் பையன் கேட்டான். “ஐந்து பேர் தம்பி, நல்லா இருக்கோம், சீக்கிரம்,” என்றார் தலைவர். பையன் சுற்றினான். கூண்டு ஏறி, நாலாவது மாடித் தரைக்கு மயிரிழை தப்பாமல் வந்து நின்றது. கதவு இடுக்கில் வெளிச்சம் வந்தது. உள்ளே கைதட்டினார்கள்.

“கதவைத் திறங்க!”

“கதவு திறப்பது கேள்வி இரண்டு,” என்றார் ஆய்வாளர். “எல்லாரும் முதல் கேள்வி முடிச்ச பிறகுதான். அடுத்த ஆள்.”

இரண்டாமவள் எத்தனை பேர் என்று கேட்டாள்; கீழே இறக்கினாள். மூன்றாமவன் ஏற்றினான். நாலாமவன் இறக்கினான். ஏழாவது ஆள் கேட்கும்போது தலைவர், “அதே அஞ்சு பேருதாண்டா, யாரும் பெத்துப் பெருகல!” என்று கத்தினார். பதினோராவதுக்கு அழுதார். பதினாலாவதிலிருந்து தொலைபேசி மணி அடித்தவுடனேயே, “அஞ்சு பேர், மூச்சு இருக்கு, பதற்றம் இல்ல,” என்று பாடமாக ஒப்பித்தார். ஒருவருக்கும் மதிப்பெண் குறையவில்லை. இடையில் ஜெராக்ஸ் கடைக்காரர் இடுக்கு வழியாக ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

இருபத்திரண்டு இரட்டைப்படை எண். கடைசிப் பெண் சக்கரத்தை விட்டபோது கூண்டு முதலில் மாட்டிய இடத்திலேயே, கடுகளவும் பிசகாமல் நின்றது. ஆய்வாளர் அளந்து பார்த்துப் புளகாங்கிதம் அடைந்தார்.

“இருபத்திரண்டு பேரும் தேர்ச்சி,” என்றார். “இத்தனை துல்லியத்துக்கு அப்புறம் ரெண்டாவது கேள்வி தேவையில்ல. உரிமம் தபால்ல வந்துடும். பதினஞ்சு நாள்.”

கூண்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. முதல் மதிப்பெண் வாங்கிய கேள்விக்குறிக்குத் தற்காலிக உரிமம் அங்கேயே, அக்காவின் முதுகில் தாளை வைத்து எழுதிக் கொடுக்கப்பட்டது. அவள் மேலே போனாள். தொலைபேசியை எடுத்தாள்.

“சார், வெளிய வந்ததும் இதை மறுபடி மூடுவீங்களா?”

 தலைவர், “விதின்னு ஒண்ணு இருக்கும்மா,” என்றார்.

கேள்விக்குறி சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். கீழே படிக்கட்டிலிருந்து அக்கா கத்தினாள்: “எடுத்து விடுடி! உன் கையில இருக்கற வேலை அவங்க புத்திக்குத் தக்கபடி மாறக் கூடாது. ஒழுங்கா எடுத்து விடு!”

எடுத்து விட்டாள். மணி நாலு. வெளியே வந்த தலைவர் நேராக அந்த முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கி, 'திருத்தம் தேவை' என்பதை அடித்து, 'திருத்தம் திருப்தி' என்று எழுதினார்.

“எந்தத் திருத்தமும் பண்ணலையே சார்,” என்றான் நிலைத்தன்மை சார். அன்றைக்கு அவன் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

“பண்ணியாச்சு தம்பி,” என்றாள் அக்கா. “பதின்மூணாவது திருத்தம், மாடிப்படி பூரா நிக்குது பாரு. இருபத்திரண்டு பேர். ஒவ்வொருத்தரா எண்ணி உன் திட்டத்துல ஒட்டிக்கோ.”

ஐந்தரை மணிக்குக் கூடத்தைப் பூட்டினார்கள். ஆறாவது அணிக்கு வந்திருந்த நாற்பத்தொரு விண்ணப்பங்களை அக்கா தலைவரின் கையிலேயே கொடுத்தாள். “இதுங்களுக்குப் பதில் நீங்க எழுதுங்க. வெற்றுப் பக்கமா அனுப்பாதீங்க.” அவர் வாங்கி ஆலோசகரிடம் கொடுத்தார், ஆலோசகர் புகைப்படக்காரரிடம் கொடுத்தார். விருதுப் பலகையை அவள் தொடவில்லை. இருபத்திரண்டு பேரும் மறு மாதம் வேலைக்குப் போனார்கள். அந்தத் திட்டம் இன்னும் பதினாறு ஊர்ப் பயிற்சிக்கூடங்களுக்கு மாதிரியாக அனுப்பப்பட்டது, வெற்றுப் பக்கத்தோடு. பதினாறும் அதே வருடத்தில் மூடப்பட்டன.

அந்த ஊரில் இன்றைய தேதி வரைக்கும் ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடமோ, லிஃப்டோ ஒன்றுகூடக் கிடையாது.